எலைஸா எரிக்காத கடிதங்கள்

1895இல் லண்டனில் எலைஸா வெஸ்லி என்ற முதிய ஆர்கனிஸ்ட் காலமானார். மணமாகாதவர். செயின்ட் மார்கரெட் பேட்டன்ஸ் என்ற நகர ஆலயத்தில் பல ஆண்டுகள் வாசித்தவர். தன்னிடமிருந்த குடும்பக் காகிதங்களை பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு என்று எழுதிவைத்திருந்தார். அவை போய்ச் சேர்ந்தன, எண் இடப்பட்டன, மியூஸியத்தின் அச்சுப் பட்டியலில் ஏறின. ஒரு கட்டுக்கு எண் 35012. அதில் பெரும்பகுதி எலைஸாவின் தகப்பனார் ஸாமுவெல் வெஸ்லி, ஸாரா ஸூட்டர் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதங்கள். ஸாரா ஸூட்டர் அவருடைய மனைவி இல்லை. மனைவியோடு அவர் குடித்தனம் நடத்திய வீட்டில் வேலைக்கு இருந்தவர். எலைஸாவின் தாய் அவர்தான்.

ஒரு மகள், தான் சட்டப்படி மகள் இல்லை என்பதற்கான சாட்சியத்தை, விக்டோரியா ராணி இன்னும் சிம்மாசனத்தில் இருக்கும்போதே, தேசத்தின் பொது நூலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். கணப்பில் போட்டிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். இந்தச் செய்கை தார்மீகமாகச் சரியா, சரி என்றால் எதனால் சரி என்பதுதான் இங்கே என் விசாரம். கடிதத்தைக் காப்பது உயர்ந்த காரியம், எரிப்பது அநாகரிகம் என்று இலக்கியக்காரர்களாகிய நாம் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். நமக்குத் தீனி கிடைக்கிறது என்பதற்கு மேல் அந்தத் தீர்ப்புக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

வெஸ்லி குடும்பம் நமக்கு முற்றிலும் அந்நியமான குடும்பம் அல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தை உண்டாக்கிய ஜான் வெஸ்லியின் தம்பி சார்ல்ஸ் ஆயிரக்கணக்கில் ஞானப்பாட்டுகள் எழுதியவர். தமிழ்நாட்டு ப்ராட்டஸ்டண்ட் கோவில்களில் கிறிஸ்துமஸ் காலையில் பாடுகிறவர்கள், பெயர் தெரியாமலேயே அவரைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சார்ல்ஸின் மகன் ஸாமுவெல் (1766–1837). பிள்ளைப் பிராயத்திலேயே மேதை என்று பெயரெடுத்தவர். 1784இல் கத்தோலிக்க வழிபாட்டுக்கு ஒரு பெரிய இசைப் படைப்பை எழுதி ஆறாம் பயஸ் போப்பாண்டவருக்கு அர்ப்பணித்தார். மதமும் மாறினார். தகப்பனாருக்கும் பெரியப்பாவுக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

பிறகு ஷார்லட் மார்ட்டின் என்ற பெண்ணோடு சடங்கு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தார். தாயாருக்கு எழுதிய கடிதங்களில் தன் கட்சியை எடுத்துவைத்தார்: ஆணும் பெண்ணும் கூடி வாழ்வதே திருமணம், பாதிரி உச்சரிக்கும் வார்த்தைகள் அதில் எதையும் கூட்டிவிடுவதில்லை என்று. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு மத ஸ்தாபகரின் குடும்பத்துக்குள்ளிருந்து இப்படி ஒரு குரல் வருவது லேசான விஷயம் இல்லை. ஆனால் 1793இல், ஷார்லட் கர்ப்பமாக இருந்தபோது, அவரே ஆலயத்துக்குப் போய் முறைப்படி மணம் செய்துகொண்டார். 1810இல் அந்த மனைவியைப் பிரிந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸாரா ஸூட்டருக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஸாரா அப்போது பதின்பருவம் தாண்டாதவர். குழந்தைக்கு ஸாமுவெல் ஸெபாஸ்டியன் என்று பெயர். முதல் பெயர் தகப்பனுடையது, இரண்டாவது பாஹினுடையது.

ஸாமுவெல் சொன்ன தத்துவம் உண்மையானால் ஸாராவும் மனைவிதான். ஆனால் தனக்குப் பொருளில்லை என்று அவர் சொன்ன அந்தச் சடங்கு, ஷார்லட் உயிரோடு இருக்கும்வரை ஸாராவை மணக்க வழியில்லாமல் ஆக்கிவிட்டது. அக்கால இங்கிலாந்தில் மறுமணத்துக்கு இடம்தரும் விவாகரத்து என்றால் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற்ற வேண்டும். பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டுகிற விஷயம், 1857 வரை அப்படித்தான். சம்பிரதாயத்தை மறுத்த மனிதர் அந்தச் சம்பிரதாயத்திலேயே மாட்டிக்கொண்டார் என்று ஒரு கதாசிரியன் இதில் முரண்நகை காணலாம். எனக்குத் தெரிவது வேறு. என் தொழிலில் ஜாமீன்தார் என்று ஒருவர் உண்டு. கடன் வாங்குகிறவர் ஒருவர், தவணை தவறினால் கட்டுகிறவர் இன்னொருவர். ஸாமுவெல் வெஸ்லியின் சுதந்திரச் சிந்தனைக்கு இரண்டு பெண்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர் ஒன்றும் கட்டாமல் தப்பிவிட்டார் என்றும் சொல்லமாட்டேன். 1817இல் ஜன்னல் வழியே குதித்து, பிழைத்து, மனநோய் விடுதியில் அடைபட்டார். 1825இல் மனைவிக்குத் தர வேண்டிய ஜீவனாம்சம் தராததற்காகச் சில நாட்கள் சிறையில் இருந்தார். ஆயினும் கணக்கு முடிந்தபோது அவருக்கு இசையும் பெயரும் மிஞ்சின.

ஸாராவுக்கும் அவருக்கும் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் வெஸ்லி என்ற பெயரையே தாங்கினார்கள். மூத்தவர் ஸெபாஸ்டியன்தான் பின்னால் விக்டோரியா காலத்து ஆங்கிலேய ஆலய இசையின் முதன்மையான பெயர் ஆனார். ஹெரிஃபர்ட், எக்ஸெட்டர், லீட்ஸ், வின்செஸ்டர், க்ளாஸ்டர் என்று ஐந்து ஊர்களில் ஆர்கன் வாசித்து, எல்லா ஊரிலும் எஜமானர்களோடு சண்டை போட்டு, 1876இல் இறந்தார். எலைஸா அவருக்கு ஒன்பது வயது இளையவர்.

இவர்களுடைய காகிதங்கள் இன்று முக்கியமாக மூன்று இடங்களில் கிடக்கின்றன. எலைஸா கொடுத்தவை பிரிட்டிஷ் நூலகத்தில். ஸெபாஸ்டியனின் இசைப் பிரதிகளில் கணிசமான பகுதி லண்டன் ராயல் இசைக் கல்லூரியில். ஸாமுவெல் தன் தாய்க்கும் உடன்பிறந்தவர்களுக்கும் எழுதியவை பெரும்பாலும் மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில், 1977இல் அங்கே போய்ச் சேர்ந்த மெதடிஸ்ட் காப்பகத்தோடு. இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கடிதங்கள் பிழைத்தது அவற்றை எழுதியவரின் தகுதிக்காக அல்ல. ஜான், சார்ல்ஸ் இருவரின் கையெழுத்து பட்ட துண்டுக் காகிதத்தையும் சபை திருச்சின்னம்போலப் போற்றியது. அந்தப் புனிதத்தின் நிழலில், மதம் மாறிய பிள்ளை திருமணத்தைப் பழித்து எழுதியதும் ஒதுங்கிக்கொண்டது. பக்தி காப்பாற்றி வைத்ததை இன்று ஆராய்ச்சி படிக்கிறது.

சரி, கடிதம் யாருடையது? ஆங்கிலச் சட்டம் இதற்கு ஒரு வினோதமான பதில் வைத்திருக்கிறது. கவிஞர் அலெக்ஸாண்டர் போப், தன் கடிதங்களை அனுமதி இல்லாமல் அச்சிட்ட கர்ல் என்ற புத்தக வியாபாரி மேல் வழக்குப் போட்டார். 1741இல் ஹார்ட்விக் பிரபு தீர்ப்புச் சொன்னார்: காகிதம் பெற்றவருக்குச் சொந்தம்; அதிலுள்ள வார்த்தைகளை அச்சிடும் உரிமை எழுதியவருக்கே. ஒரே பொருளை இரண்டாக வகிர்ந்து ஆளுக்கொரு பாதி கொடுத்த தீர்ப்பு. யோசிக்க யோசிக்க இதில் ஒரு தத்துவச் செறிவு தெரிகிறது. கடிதம் என்பது இருவருக்கு இடையில் நிற்பது, ஒருவரும் முழுதாகக் கையில் எடுத்துக்கொள்ள முடியாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

ஆனால் கடிதத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவர். ஹார்ட்விக் பிரபுவின் பங்கீட்டில் அவருக்கு ஒன்றும் இல்லை. காகிதமும் அவருடையதல்ல, வார்த்தையும் அவருடையதல்ல. அவர் இருப்பதே அடுத்தவரின் வாக்கியத்துக்குள்தான். ஷார்லட் வெஸ்லிக்கு நான் பிறகு வருகிறேன்.

முதலில் எரித்தவர்களைப் பார்ப்போம். 1824இல் பைரன் இறந்த செய்தி வந்ததும், அவருடைய நினைவுக் குறிப்புகளின் கையெழுத்துப் பிரதியை நண்பர்களும் பதிப்பாளரும் கூடி, லண்டனில் பதிப்பாளர் ஜான் மர்ரேயின் வீட்டுக் கணப்பில் போட்டு எரித்தார்கள். பைரனின் மானத்தைக் காப்பாற்ற என்றார்கள். 1860இல் டிக்கன்ஸ் தன் வீட்டுத் தோட்டத்தில் தீ மூட்டி, இருபது ஆண்டுகளாகப் பிறர் தனக்கு எழுதிய கடிதங்களை அள்ளிப் போட்டார். அடுத்தவர்களின் அந்தரங்கத்துக்குத் தான் காவல் என்று அவர் நம்பியிருக்கக்கூடும். ஆனால் மனைவியைப் பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த மனிதரின் தீ அது என்பதையும் மறக்க முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் நம் எலியட். எமிலி ஹேலுக்கு அவர் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை அந்த அம்மையார் 1956இல் ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இருவரில் கடைசியாக இறப்பவர் இறந்து ஐம்பது ஆண்டு கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று நிபந்தனை. எலியட் அந்த அம்மையாரின் கடிதங்களை அழிக்கச் செய்தார். அதோடு 1960இல் ஒரு மறுப்பு அறிக்கை எழுதி, அந்தப் பெட்டி திறக்கப்படும் நாளில் இதுவும் வெளிவர வேண்டும் என்று ஏற்பாடு பண்ணினார். 2020 ஜனவரியில் இரண்டும் வெளிவந்தன. கவிதை ஆளுமையிலிருந்து தப்பித்தல் என்ற கொள்கையைத் தந்த விமர்சகர், தன் ஆளுமை பற்றிய கடைசி வார்த்தை தன்னுடையதாகவே இருக்கவேண்டும் என்று கல்லறைக்குள்ளிருந்தும் கவனம் எடுத்துக்கொண்டார்.

இந்த மூன்றிலும் பொதுவாக ஒன்றைப் பார்க்கிறேன். அழித்தவர்கள் எல்லோரும் வேறு யாரையோ காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ளலாம். அழித்ததால் ஆதாயம் அடைந்தவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். பைரனின் நண்பர்களுக்கு சங்கடம் மிச்சம். டிக்கன்ஸுக்கும் எலியட்டுக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இப்படி ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. காகிதத்தைக் காப்பதோ அழிப்பதோ, அதைச் செய்கிறவர் அதனால் எதை இழக்கிறார்? மௌனம் அவருக்கே லாபமானால், அந்த மௌனத்தை மரியாதை என்று அழைக்க நான் தயங்குவேன். பேச்சு அவருக்கே லாபமானால் அதை நேர்மை என்று அழைக்கவும் தயங்குவேன். சுயசரிதைகள் பலவற்றை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

எலைஸா இந்தச் சோதனையில் எங்கே நிற்கிறார்? இருபது ஆண்டு இடைவெளியில் அவர் இரண்டு காரியங்கள் செய்தார். 1875இல், உயிரோடு இருக்கும்போதே, தகப்பனார் பெஞ்சமின் ஜேக்கப் என்ற ஆர்கனிஸ்ட் நண்பருக்கு 1808 தொடங்கி எழுதிய கடிதங்களைப் புத்தகமாகப் பதிப்பித்தார். பாஹின் இசையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த கதை அதில் இருக்கிறது. பாஹின் நாற்பத்தெட்டு முன்னிசை–ஃப்யூக்களை ஹார்ன் என்பவரோடு சேர்ந்து ஸாமுவெல் 1810இலிருந்து பதிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. பாஹ் என்றால் கரடுமுரடான கணக்குப் புலி என்று நினைத்த ஊரில், மதப்பிரசாரகனின் வெறியோடு அவருக்கு வாதாடிய கடிதங்கள். (வெஸ்லி ரத்தம்! பெரியப்பா குதிரையில் போய்ப் பிரசங்கம் பண்ணியதைத் தம்பி மகன் ஆர்கன் பலகையில் செய்தார்.) இவற்றை மகள் அச்சிட்டார். தாய்க்கு எழுதியவற்றை அச்சிடவில்லை. ஆனால் எரிக்கவும் இல்லை. வைத்திருந்தார். பிறகு, அண்ணன் ஸெபாஸ்டியன் தனக்கு எழுதியவற்றோடு சேர்த்து மியூஸியத்துக்குக் கொடுத்தார்.

செத்த பிறகு கொடுப்பதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விக்டோரியா காலத்து மத்தியதர மனிதருக்குச் சாவுக்குப் பின் நிற்கும் பெயர்தான் ஆஸ்தி. அதற்காகவே அத்தனை கணப்புகளும் எரிந்தன. அதோடு, கொடுப்பது ஒரு நாள் வேலை, வைத்திருப்பது பல வருஷ வேலை. ஒவ்வொரு வீடு மாற்றும்போதும், ஒவ்வொரு பெட்டியை ஒழிக்கும்போதும், இதை இன்னும் வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருக்கும். எலைஸாவின் கடைசி உயில் அந்தப் பழைய தீர்மானங்களின் கூட்டுத்தொகை. அவருடைய நோக்கம் என்ன என்று அவர் எழுதிவைத்ததாக நான் படித்ததில்லை. தெரியாமலேயே அவரை நான் மதிக்கிறேன்.

அச்சிடுவதற்கும் கொடுத்துவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் நம்மிடையே போதிய கவனம் பெறவில்லை. அச்சு நம்மைத் தேடி வருகிறது. காப்பகத்துக்கு நாம் போக வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்து, காத்திருந்து, பழைய கையெழுத்தோடு மல்லுக்கட்டி, ஒரு கடிதம் படிக்கப் பத்துக் கடிதம் புரட்ட வேண்டும். வங்கியில் முத்திரையிட்ட உறைகளைப் பாதுகாப்புக்கு வாங்கி வைப்பதுண்டு. உள்ளே என்ன என்று கேட்பதில்லை. ரசீதிலும் உறைக்குத்தான் பொறுப்பு, உள்ளடக்கத்துக்கு இல்லை. இன்னொரு பக்கம், எங்கள் பழைய லெட்ஜர்களுக்கு ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு என்று 1985இல் விதி செய்திருக்கிறார்கள், அந்தக் கெடு முடிந்தால் அழித்துவிடலாம். ஒரு மனிதர் தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பணமும் மருத்துவச் செலவுக்கு எடுத்த பணமும் எடைக்குப் போய்விடும். அதில் எந்த அநீதியும் இல்லை, லெட்ஜர் எதையும் வாக்களிக்கவில்லை. கடிதம் அப்படி அல்ல. அது யாரையோ பார்த்துப் பேசியிருக்கிறது. எலைஸாவிடம் இருந்தது உறையும் இல்லை, லெட்ஜரும் இல்லை. தன் தாயை விளித்து எழுதிய குரல் அது. அதை அச்சில் ஏற்றிச் சந்தையில் கூவவும் மனம் வரவில்லை, அது பேசவே இல்லை என்று ஆக்கவும் மனம் வரவில்லை. சிரமப்பட்டு வருகிறவர் படிக்கட்டும் என்று விட்டுவிட்டார். வாசகனிடம் அவர் கேட்டது அந்தச் சிரமத்தை மட்டும்தான்.

நாம் அதைக்கூடக் கொடுக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் கொடுத்தார்கள். ஃபிலிப் ஆலஸன் 2001இல் ஸாமுவெலின் தொழில், சமூகக் கடிதங்களைப் பதிப்பித்தார். பீட்டர் ஹார்ட்டன் 2004இல் ஸெபாஸ்டியனின் வாழ்க்கையை எழுதினார். இரண்டும் பல்லாண்டு உழைப்பு. நம்மைப் போன்றவர்கள் அந்த உழைப்பிலிருந்து இரண்டு வரி பிய்த்துக்கொள்கிறோம். வேலைக்காரப் பெண், பைத்தியம், சிறை. கச்சேரித் தாளின் பின்பக்கக் குறிப்புக்கு இது போதும்.

இதற்கு எதிர்வினையாக விமர்சனத்தில் ஒரு கட்சி உண்டு. ஆங்கில இலக்கியம் படித்த எங்களுக்கு அது தாய்ப்பால் மாதிரி. விம்ஸட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் எழுதிய கட்டுரையைக் காட்டி, படைப்பு போதும், படைத்தவனின் பெட்டியைக் கிளறாதே என்போம். சிறுபத்திரிகைகளில் இதை வேதமாக ஓதியிருக்கிறோம். ஸெபாஸ்டியன் வெஸ்லியை வைத்து இதைச் சோதிக்கலாம். லீட்ஸில் இருந்தபோது, 1847 டிசம்பரில், மீன் பிடிக்கப் போன இடத்தில் விழுந்து கால் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். மீன்பிடியில் அவருக்குப் பித்து. அந்தப் படுக்கையோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆந்தம் ஒன்று, ஐம்பத்தோராம் சங்கீதத்தின் வசனங்களுக்கு எழுதப்பட்டது. நொறுக்கப்பட்ட எலும்புகளைப் பற்றிய வசனம் வரும் இடத்தில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசி வலிக்கின்றன. கால் முறிந்த கதை தெரியாதவனுக்கு அது பாவியின் வலி, தாவீது அரசனின் வலி. கதை தெரிந்தவன் புன்னகைக்கிறான். இங்கே தகவல் இசையைச் சின்னதாக்கிவிட்டது. விம்ஸட் கட்சிக்கு ஒரு வெற்றி.

இன்னொன்றைப் பார்ப்போம். பாஹை இங்கிலாந்துக்குப் பழக்கப்படுத்திக்கொண்டிருந்த ஆண்டில், ஊர் ஏற்காத உறவில் பிறந்த பிள்ளைக்கு ஒருவர் ஸெபாஸ்டியன் என்று பெயர் வைக்கிறார். ஞானஸ்நானத் தகப்பன் யாரும் கிடைக்காதபோது பாஹையே பிடித்து நிறுத்தியது போல. 1871இல் அந்தப் பிள்ளை, அறுபது வயதைத் தாண்டி, க்ளாஸ்டர் கதீட்ரலில் மூன்று ஊர்ப் பாடகர் விழாவில் பாஹின் மத்தேயு பாடுகளை நடத்துகிறார். நான்கு ஆண்டு கழித்து எலைஸா அந்தப் பாஹ் கடிதங்களைப் பதிப்பிக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு ஸெபாஸ்டியனின் ஆந்தங்களில் திடீரென்று இறங்கும் அந்தக் கனத்த கூட்டுஸ்வரங்களைக் கேட்டால் அவை சிறுத்துப்போவதில்லை. எனக்கு அவை விரிந்தன. ஆகவே வாழ்க்கைத் தகவல் படைப்புக்கு வெளியே, உள்ளே என்று ஒரே கோடு கிழித்து விதி போட முடியாது என்பது என் கட்சி. ஒவ்வொரு தகவலையும் தனித்தனியாகக் காதில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொள்கை நமக்கு அந்த வேலையை மிச்சப்படுத்தித் தராது.

குடும்பக் காகிதம் தவிர இன்னொரு வகைக் காகிதமும் இருக்கிறது, எஜமானர் எழுதுவது. எக்ஸெட்டரிலும் வின்செஸ்டரிலும் கதீட்ரல் நிர்வாகக் குழுவின் குறிப்பேடுகளில் ஸெபாஸ்டியன் வருகிறார். வரவில்லை, அனுமதி இல்லாமல் போனார், எச்சரிக்கப்பட்டார். எக்ஸெட்டரில் 1840இல் இரண்டு சிறுவர் பாடகர்களை அடித்த சம்பவமும் உண்டு. அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் அவர் வாசித்தது எப்படி இருந்தது என்பதைக் குறிப்பதற்கு அந்த ஏடுகளில் பத்தி இல்லை. ஹெரிஃபர்டில் ஓர் ஈஸ்டருக்கு அவர் எழுதிய ஆந்தத்தைப் பாடச் சிறுவர்களும் ஒற்றை ஆண்குரலும்தான் கிடைத்தார்கள். அந்தக் குரல் கதீட்ரல் தலைவரின் பட்லருடையது என்பது வழிவழியாக வரும் கதை. அந்த ஆந்தம் இன்றும் பாடப்படுகிறது. 1849இல் அவர் ஒரு சிறு நூல் எழுதி, கதீட்ரல் குழுவில் குறைந்தது பன்னிரண்டு ஆண் பாடகர்களாவது வேண்டும் என்று வாதாடினார். குழுக்காரர்கள் அவரைப் பற்றி எழுதிய ஏட்டுக்கு அவர் எழுதிய பதில் அது என்று நான் படிக்கிறேன். அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவைப் பற்றிய கோப்பு எப்படித் தடிக்கும் என்று தெரிந்தவன், அந்தக் குறிப்பேடுகளை மட்டும் வைத்து ஒரு மனிதரை எடைபோடத் துணியமாட்டான். ஸெபாஸ்டியனுக்காவது பதில் எழுதக் கை இருந்தது, இசை இருந்தது, பத்திரப்படுத்தத் தங்கை இருந்தார்.

ஷார்லட்டுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர் எப்படிப்பட்ட மனைவி என்று நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் ஸாமுவெல் தன் தாய்க்கும் சகோதரிக்கும் சகோதரனுக்கும் எழுதியவற்றிலிருந்து. அவர் கெட்டிக்கார எழுத்தாளர். கோபத்தில் இன்னும் நன்றாக எழுதுகிறவர். ஊதாரி, சண்டைக்காரி என்று ஷார்லட் அந்தக் கடிதங்களில் நிற்கிறார், அப்படியே நின்றுகொண்டும் இருக்கிறார். இருநூறு ஆண்டு வாசகர்கள் கணவரின் மேஜைப் பக்கம் உட்கார்ந்துதான் அந்த அம்மாளைப் பார்க்கிறார்கள். 1812இல் பிரிவினைப் பத்திரம் ஒன்று ஏற்பட்டது. அதன்படி வர வேண்டிய தொகை வராதபோது 1825இல் சட்டத்தை நாடினார். எனக்கு அவருடைய குரல் மாதிரிக் கேட்பது அது ஒன்றுதான். வாழ்க்கை வரலாறுகளில் அது பாவப்பட்ட இசைமேதையைச் சிறைக்கு அனுப்பிய செய்கையாக வருகிறது. பணம் வர வேண்டிய பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு கணக்கு.

ஸாராவின் நிலையும் வெகு தூரத்தில் இல்லை. 35012இல் நாம் கேட்பது பெரும்பாலும் ஸாமுவெலின் குரல்தான். சாமான், சாப்பாடு, பணமுடை, வெளியூர் வாசிப்பு, பிள்ளைகளின் உடம்பு என்று வீட்டோடு பேசும் குரல். ஆனால் ஸாராவுக்கு ஒரு மகள் இருந்தார். ஷார்லட்டுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவர் சார்ல்ஸ் பாதிரியாராகி, அரச ஆலயத்தில் உபதலைவர் பதவி வரை உயர்ந்தார். தாயாரின் காகிதம் என்று ஒரு கட்டு அந்தப் பக்கத்திலிருந்து எந்த நூலகத்துக்கும் போய்ச் சேர்ந்ததாக நான் படித்ததில்லை. முறைப்படி பிறந்த குடும்பத்துக்குக் காப்பாற்ற ஒரு பெயர் இருந்தது என்பதால்தானோ என்னவோ.

எலைஸா செய்தது சரி என்றே நினைக்கிறேன்; தன்னையும் தன் தாயையும் பொறுத்தவரை. ஷார்லட்டைப் பொறுத்தவரை அந்தச் சரி போதவில்லை. அதற்கு எலைஸாவைப் பிடித்துப் பிரயோஜனமில்லை. தகப்பனாரின் மனைவியிடம் நியாயம் காட்டும் கடமை அவர் தலையில் விழவும் இல்லை, விழுந்தாலும் கொடுப்பதற்கு அவரிடம் காகிதம் இல்லை. அந்தப் பாக்கி வாசிக்கிற நம்மிடம் வந்து நிற்கிறது. ஒரு தரப்புக் கடிதத்தைப் படிக்கும்போது எதிர்த்தரப்பை நாமே இட்டுக்கட்டிவிடக் கூடாது. அது நாவலாசிரியனின் வேலை. குறைந்தபட்சம், தாய்க்கு எழுதும் மகன் யாரைத் திருப்திப்படுத்த எழுதுகிறான் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்டுக்கொள்ளலாம். அந்தத் தாய்க்கு மருமகளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

ஸெபாஸ்டியன் க்ளாஸ்டரில் இறந்தார். கடைசிப் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த ஊர் அது. அடக்கம் நடந்தது எக்ஸெட்டரில். அவருக்கு ஐந்து மகன்கள், ஒரே மகள். அந்த மகள் 1840இல், ஒரு வயது நிறையும் முன் எக்ஸெட்டரில் இறந்திருந்தாள். அவள் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள்.